புதுப் பல்செட்: எதைப் பழகிக்கொள்வது, எதைச் சரிசெய்யச் சொல்வது

புதுப் பல்செட் போட்ட முதல் சில வாரங்களில் வரும் தொல்லைகள் இரண்டு வகை. எச்சில் அளவுக்கு மீறி ஊறுவது, வாய் நிறைந்து கிடப்பது போலிருப்பது, பேச்சு குழறுவது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆவது ஆகியவை நாக்கும் கன்னமும் பழகப் பழகத் தாமே அடங்கிவிடும். ஒரே இடத்தில் குத்தும் வலி, புண், கடிக்கும்போது ஒரு பக்கப் பல் மட்டும் முதலில் முட்டுவது, வாயைத் திறந்ததும் மேல்செட் கீழே விழுவது ஆகியவை எத்தனை மாதம் பொறுத்தாலும் போகாது. செட்டை டாக்டரிடம் கொடுத்துத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் பலருடைய பல்செட் டப்பாவுக்குள்ளேயே கிடக்கிறது. சிலர் "போகப்போகச் சரியாகிவிடும்" என்று புண்ணோடு மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். சிலர் எச்சில் ஊறுவதைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாளே கழற்றி வைத்துவிடுகிறார்கள். இரண்டு தரப்புக்கும் அவ்வளவு சிரமம் தேவையில்லை.

மேல்செட் நிற்கிறது, கீழ்செட் ஆடுகிறது: ஏன்?

பற்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுசெட் போட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கீழ்செட்டைப் பற்றித்தான் குறை சொல்வார்கள். அதற்குக் காரணம் தாடையின் அமைப்பு. மேல்செட் அண்ணத்தை முழுவதும் மூடிக்கொள்கிறது. அண்ணத்துக்கும் செட்டுக்கும் நடுவே மெல்லிய எச்சில் படலம் இருக்கும். ஓரங்கள் சுற்றிலும் சதையோடு ஒட்டி, காற்றை உள்ளே விடாது. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது போன்ற பிடிப்பு அது.

கீழ்செட்டுக்கு அந்த வசதி கிடையாது. லாட வடிவத்தில், மேல்செட்டின் பாதி அளவு பரப்பில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. நடுவில் நாக்கு ஓயாமல் அசைகிறது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் வாயின் அடித்தளம் மேலெழும்பி செட்டைத் தூக்கப் பார்க்கிறது. அதனால் நன்றாகச் செய்த கீழ்செட்டும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். அதைப் பிடித்து வைக்கும் வேலை நாக்கினுடையது.

கண்ணாடி முன் நின்று வாயை ஒரு விரல் அளவு திறந்து பாருங்கள். நாக்கின் நுனி கீழ்ச் செட்டின் முன்பற்களுக்குப் பின்புறம் மெல்லத் தொட்டுக்கொண்டும், நாக்கின் இரு ஓரங்களும் கடைவாய்ப் பற்களின் மேல் லேசாகப் படர்ந்தும் இருந்தால் நாக்கு சரியான இடத்தில் இருக்கிறது. நாக்கு உள்ளே சுருங்கி, அதன் அடியில் இருக்கும் சிவந்த தரை தெரிந்தால், செட்டின் பின்புறம் காற்று புகுந்து அது கிளம்பிவிடும். வாய் திறக்கும்போதெல்லாம் நாக்கை முன்னால் வைத்திருக்கும் பழக்கத்தை நாளுக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஓரிரு நிமிடம் செய்து பாருங்கள். கீழ்செட்டுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை. இது கைவர ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகலாம்.

போடுவதும் கழற்றுவதும்

போடும் முன் செட்டைத் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த செட் ஒட்டாது. முதலில் மேல்செட், பிறகு கீழ்செட். விரலால் அழுத்தித்தான் உட்கார வைக்க வேண்டும். வாயில் வைத்துக் கடித்து உட்கார வைத்தால் ஈறு நசுங்கும், நாளாக நாளாகச் செட்டிலும் விரிசல் விழும்.

மேல்செட் கழற்ற வராவிட்டால், உதட்டை மூடிக்கொண்டு கன்னத்தை உப்பி ஊதுங்கள். ஓரத்தில் காற்றுப் புகுந்ததும் பிடி விட்டுவிடும். அதற்கும் வராவிட்டால் கடைவாய்ப் பக்கம் கன்னத்துக்கும் செட்டுக்கும் இடையே ஆள்காட்டி விரலை விட்டு ஓரத்தைக் கீழ்நோக்கித் தள்ளலாம். சில பற்களுக்கு மட்டும் போடும் பகுதி செட்டாக இருந்தால், சொந்தப் பல்லைப் பிடித்திருக்கும் கம்பியை நகத்தால் நெம்பாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாகப் பிடித்து நேராகத் தூக்குங்கள். கம்பி ஒரு தடவை வளைந்தால் பிடிப்பு போய்விடும். அதையே திரும்பத் திரும்ப நிமிர்த்தினால் ஒடிந்துவிடும்.

பல் எடுத்த அன்றே செட் பொருத்தியிருந்தால் விதி வேறு. முதல் 24 மணி நேரம் அதைக் கழற்றக் கூடாது. செட் காயத்துக்குக் கட்டுப் போட்டது போல இருந்து ரத்தக்கசிவை அடக்குகிறது. அவசரப்பட்டுக் கழற்றினால் ஈறு வீங்கி, திரும்ப உள்ளே போகாமல் போகலாம். மறுநாள் டாக்டரே கழற்றிப் பார்ப்பார். பிறகு எப்போது கழற்றுவது, எப்படி வாய் கொப்பளிப்பது என்பதை அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

எச்சில், குமட்டல், பேச்சு

வாயில் புதிதாக ஏதாவது வந்தால் மூளை அதைச் சாப்பாடு என்றே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் எச்சில் ஊறுகிறது. அடிக்கடி துப்பாதீர்கள், விழுங்குங்கள். விழுங்கும்போது இரண்டு செட்டும் லேசாக ஒன்றோடொன்று அழுந்தி தத்தம் இடத்தில் உட்காரும். ஒன்றிரண்டு வாரத்தில் எச்சில் குறைந்துவிடும்.

குமட்டல் மேல்செட்டின் பின்ஓரத்தால் வருவது. மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு, முதல் நாள் 15 நிமிடம், அடுத்த நாள் அரை மணி என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். இரண்டு வாரமாகியும் அடங்கவில்லையா? பின்ஓரம் நீண்டிருக்கலாம், தடித்திருக்கலாம். செட் தளர்ந்து நாக்கின் மேல் விழுந்துகொண்டே இருந்தாலும் குமட்டும். இவை டாக்டர் பார்க்க வேண்டியவை.

பேச்சைப் பொறுத்தவரை, தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. ழ, ள, ண, ட ஆகிய எழுத்துகளுக்கு நாக்கு மடிந்து அண்ணத்தைத் தொடவோ நெருங்கவோ வேண்டும். அந்த அண்ணத்தின் மேல் இப்போது சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் பிளாஸ்டிக் இருக்கிறது. நாக்கு பழைய தூரத்தையே நினைத்துக்கொண்டு போய் முன்கூட்டியே முட்டிக்கொள்கிறது. "வாழைப்பழம்", "கண்ணாடி", "வெள்ளிக்கிழமை" போன்ற சொற்களைச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகுங்கள். தினமும் 10 நிமிடம் செய்தித்தாளைச் சத்தம்போட்டுப் படித்தாலே போதும், நாக்கு புதுக் கணக்கைக் கற்றுக்கொள்ளும்.

"ஸ்" சொல்லும்போது விசில் போலக் கேட்டால் அது சில வாரங்களில் போய்விடும். போகாவிட்டால் முன்பற்களின் இருப்பிடத்தையோ அண்ணத்தின் வளைவையோ டாக்டர் திருத்த வேண்டியிருக்கும். பேசும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் டக் டக் என்று மோதுகிறதா? செட் தளர்வாக இருக்கலாம், அல்லது பற்களைத் தேவைக்கு மேல் உயரமாக வைத்துவிட்டிருக்கலாம். உயரம் கூடிய செட்டில் தாடைக்கு ஓய்வே கிடைக்காது. மாலையானால் கன்னத் தசை வலிக்கும். இதைப் பழகிவிடும் என்று விடக் கூடாது.

சாப்பாடு

முழுசெட்டில் கிடைக்கும் கடிக்கும் வலு, சொந்தப் பல்லின் வலுவில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். அதனால் சாப்பிடும் முறையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று நான்கு நாள் மசித்ததும் குழைய வெந்ததும் மட்டும். அடுத்து, கரண்டியால் அழுத்தினால் நசுங்குகிற அளவுக்கு மெத்தென்றவை. மூன்றாவது நான்காவது வாரத்தில் கொஞ்சம் கெட்டியானவை, அவையும் சின்னத் துண்டுகளாக. சொந்தப் பல் இருந்தபோது ஒரு பக்கமாக மென்றிருப்பீர்கள். செட்டில் ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் கிளம்பும். வாய்க்குள் போவதை இரண்டாகப் பிரித்து இரண்டு கடைவாயிலும் வைத்து, தாடையை மேலும் கீழுமாக அசைத்து மெல்லுங்கள். முன்பல்லால் கடித்து இழுக்காதீர்கள். முன்னால் கடித்தால் பின்னால் கிளம்பும், நெம்புகோல் மாதிரி. ஆப்பிள் தின்ன ஆசையாக இருந்தால் மெல்லிய கீற்றாக நறுக்கிக் கடைவாயில் வையுங்கள்.

இரண்டு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அண்ணம் மூடியிருப்பதால் சூடு தெரியாது. கொதிக்கும் திரவம் தொண்டைக்குப் போன பிறகுதான் சுடும். முள், எலும்புத் துண்டு, விதை போன்றவையும் அண்ணத்தில் தட்டுப்படாது. ருசி குறைந்துவிட்டதாக முதலில் தோன்றும். ருசி மொட்டுகளில் பெரும்பாலானவை நாக்கில்தான் இருக்கின்றன, அதனால் சில வாரத்தில் அந்தக் குறை தெரியாமல் போய்விடும்.

புண்: இதை மட்டும் பொறுத்துக்கொள்ளாதீர்கள்

செட் போட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை டாக்டரிடம் காட்டுவது வேலையின் ஒரு பகுதிதான். முதல் அச்சு எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும், மெல்லும்போது ஈறு அமுங்கும் விதம் வாயில் போட்டுப் பார்த்த பிறகே தெரியும்.

வலிக்கிறதே என்று கழற்றி வைத்துவிட்டு, நான்கு நாள் கழித்து வெறும் வாயோடு போனால், அதற்குள் புண் ஆறித் தடயமே இருக்காது. போகும் நாளில் முடிந்த மட்டும் சில மணி நேரமாவது செட்டைப் போட்டிருங்கள். சிவந்த இடம் அப்போதுதான் கண்ணில் படும்.

டாக்டர் என்ன செய்கிறார் என்று கவனித்தால் பயம் போய்விடும். செட்டின் உட்புறம் வெள்ளைப் பசை ஒன்றைத் தூரிகையால் மெல்லியதாகப் பூசி வாயில் அழுத்தி எடுப்பார். எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே பசை விலகி, இளஞ்சிவப்பு அடித்தளம் பொட்டுப் போலத் தெரியும். அந்தப் பொட்டை மட்டும் ஒரு மயிரிழை அளவு தேய்த்துவிட்டு, திரும்பப் பூசிப் பார்ப்பார். பசை எங்கும் ஒரே சீராகப் படிந்தால் முடிந்தது. இதே வேலையை வீட்டில் அரத்தையோ கத்தியையோ வைத்துச் செய்தால் ஓரத்தின் காற்றுப் பிடிப்பு போய்விடும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

இடையில் ஆறுதலுக்கு ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புக் கரைத்துக் கொப்பளிக்கலாம். கன்னமோ நாக்கோ அடிக்கடி கடிபட்டால் சொல்லுங்கள், பல்லின் ஓரத்தை மழுக்கினாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். செட்டைத் திருத்திய பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடித்த இடம் எதுவானாலும் உடனே காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். புகையிலை பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒட்டும் பசை

பொருந்தாத செட்டைப் பொருந்த வைக்கும் மருந்து அல்ல அது. நன்றாகப் பொருந்திய செட்டுக்குக் கூடுதல் தைரியம் தருவதற்கானது. சுத்தம் செய்த செட்டின் உட்புறம் பட்டாணி அளவில் மூன்று நான்கு பொட்டு வைத்தால் போதும். ஓரத்தை ஒட்டி வைக்காதீர்கள், பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். ராத்திரி கழற்றியதும் செட்டிலும் ஈறிலும் ஒட்டியிருப்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்.

நாளுக்கு நாள் பசை கூடிக்கொண்டே போனால் செட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில பசைகளில் துத்தநாகம் உண்டு. அளவுக்கு மீறி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் தாமிரச் சத்து குறைந்து, கை கால் மரத்து, நடை தடுமாறும் நரம்புப் பாதிப்பு வந்திருக்கிறது. துத்தநாகம் இல்லாத பசையாகப் பார்த்து வாங்குங்கள். மேலும் கீழும் செட் போட்டவருக்கு 68 கிராம் டியூப் ஒன்று ஏழெட்டு வாரம் வர வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்தால் அளவு கூடிவிட்டது.

ராத்திரியில் கழற்றுங்கள்

ஈறுக்குக் காற்றும் ஓய்வும் வேண்டும். செட்டோடு தூங்குகிறவர்களுக்கு அண்ணத்தில் செட்டின் அளவுக்கே அச்சுக் குத்தியது போலச் சிவந்து பூஞ்சைத் தொற்று வருவது சகஜம். பெரும்பாலும் வலிக்காது, அதனால் தெரிவதும் இல்லை. ஜப்பானில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 524 பேரை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாக இருந்தது.

கழற்றிய செட்டைக் கழுவும்போது தொட்டியில் தண்ணீர் நிரப்புங்கள், அல்லது மடித்த துண்டை விரியுங்கள். கைநழுவிப் பீங்கானில் விழுந்து உடைந்த செட்டுகள்தான் அதிகம். மெல்லிய பிரஷ், சாதாரண சோப்பு நீர் போதும். பற்பசை வேண்டாம். அதிலுள்ள உராயும் பொடி பிளாஸ்டிக்கில் கீறல் போடும், கீறலில் கிருமியும் கறையும் குடியேறும். வெந்நீர் கூடாது, செட் வளைந்து பொருத்தம் கெடும். செட்டைச் சுத்தம் செய்யும் பொங்கும் மாத்திரை பயன்படுத்தினால் வாய்க்கு வெளியேதான், போடும் முன் நன்றாக அலச வேண்டும். வெளுப்பான் கலந்த கரைசலில் 10 நிமிடத்துக்கு மேல் ஊற விடாதீர்கள். உலோகம் உள்ள செட்டுக்கு அது ஆகவே ஆகாது. ராத்திரி முழுக்கச் செட் சாதாரணத் தண்ணீரில் இருக்கட்டும். ஈறையும் நாக்கையும் மெல்லிய பிரஷால் துடைக்க மறக்காதீர்கள்.

ஒரு வருஷம் கழித்துத் தளர்வது ஏன்?

பல் போனதும் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லாமல் போகிறது, தேயத் தொடங்குகிறது. முதல் வருஷத்தில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் ஆயுள் முழுக்க. 1972-இல் வெளியான, 25 ஆண்டு தொடர்ந்து அளந்து பார்த்த ஆய்வொன்றில் கீழ்த்தாடையின் முன்பகுதி மேல்தாடையைவிடச் சுமார் 4 மடங்கு அதிகம் தேய்ந்திருந்தது. கீழ்செட் மேலும் மேலும் மோசமாவதற்கு இதுவே காரணம்.

பல் எடுத்த அன்றே போட்ட செட்டுக்கு முதல் சில மாதத்தில் மெத்தென்ற தற்காலிக உள்பூச்சும், ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து நிரந்தர ரீலைனும் தேவைப்படும். ரீலைன் என்பது பற்களை அப்படியே வைத்துக்கொண்டு, உட்புறத்தை மட்டும் புது அச்சுக்கு ஏற்ப நிரப்புவது. மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும். 5 முதல் 7 வருஷத்தில் பெரும்பாலும் செட்டையே மாற்ற வேண்டிவரும். பற்கள் தேய்ந்து உயரம் குறைந்தால் வாயோரம் மடிந்து, எச்சில் தேங்கி, உதட்டின் மூலையில் வெடிப்பு வரும். அது செட்டை மாற்ற வேண்டிய அறிகுறி. வீட்டிலேயே ரீலைன் செய்யும் பொட்டலங்களை வாங்காதீர்கள். கடி மாறிப்போய் எலும்பை இன்னும் வேகமாகத் தேய்க்கும்.

வேறு வழிகள்

எல்லா இடைவெளியையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. முன்பற்களும் அவற்றை அடுத்த சிறு கடைவாய்ப் பற்களுமாக, மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்தும் 20 பற்கள் நன்றாக இருந்தால், பலர் பின்கடைவாய்ப் பல் இல்லாமலே வசதியாகச் சாப்பிடுகிறார்கள்.

ஒன்றிரண்டு பல் மட்டும் இல்லையென்றால், பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் நிலையான பல்லான பிரிட்ஜ் கட்டலாம். கழற்ற வேண்டியதில்லை, சில வாரத்தில் முடியும். ஆனால் இரு பக்கத்து நல்ல பற்களையும் கேப் போடுவதற்காகச் செதுக்க வேண்டும். பக்கத்துப் பல்லில் ஏற்கெனவே பெரிய அடைப்போ ரூட் கெனாலோ இருந்தால் இழப்பு பெரிதில்லை. அது இதுவரை எந்தச் சிகிச்சையும் செய்யாத நல்ல பல்லாக இருந்தால் தயங்குங்கள். முன்பல்லுக்கு, பின்புறம் இறக்கை போல ஒட்டும் பிரிட்ஜ் உண்டு, அதற்குச் செதுக்குவது மிகக் குறைவு. எந்தப் பிரிட்ஜானாலும் அடியில் நூல் விட்டுத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் தாங்கும் பல் சொத்தையாகும்.

பகுதி செட்டில் மூன்று வகை. முழு பிளாஸ்டிக் செட் மலிவு, தடிமன் அதிகம், பல் கூட்டிச் சேர்ப்பது சுலபம். கோபால்ட் குரோமியம் உலோகச் சட்டம் மெல்லியது, உறுதியானது. பாரத்தில் ஒரு பங்கை உங்கள் சொந்தப் பற்களே தாங்குவதால் ஈறு பிழைக்கும். நீண்ட நாளுக்கு அதுவே நல்லது. வளையும் நைலான் செட் பார்க்க அழகு, கம்பி தெரியாது. உடைந்தாலோ தளர்ந்தாலோ சரிசெய்வது கடினம், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இம்பிளான்ட் என்பது செயற்கைப் பல்லைத் தாங்குவதற்காகத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு. 1952-இல் ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர் பிரோனெமார்க் டைட்டானியத்தோடு எலும்பு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். கீழ்த்தாடையில் சுமார் 3 மாதமும் மேல்தாடையில் 6 மாதம் வரையும் எலும்பு ஒட்டக் காத்திருப்பது வழக்கம், சிலருக்கு அதற்கு முன்பே பல் பொருத்துவதும் உண்டு. பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம், அந்த இடத்து எலும்பும் பெரிதும் காக்கப்படும். ஆனால் புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், தாடைக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், எலும்புத் தேய்மானத்துக்குப் பிஸ்பாஸ்போனேட் மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இம்பிளான்டுக்குச் சொத்தை வராது, ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கி எலும்பு கரையலாம். சுத்தம் செய்யச் சோம்பல்படுகிறவர்களுக்கு அது நிலைக்காது.

கீழ்செட் ஆட்டத்தால் தவிப்பவர்கள் எட்டுப் பத்து இம்பிளான்ட் என்ற பேச்சைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. கீழ்த்தாடையின் முன்பகுதியில் 2 இம்பிளான்ட் வைத்து, அதன் மேல் பொத்தான் போலச் செட் 'டிக்' என்று மாட்டிக்கொள்ளும்படி செய்தாலே பெரிய மாற்றம். பற்களே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது இதுதான் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் முடிவுசெய்தார்கள். பொத்தானின் உள்ளே இருக்கும் சின்ன நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். 4 முதல் 6 இம்பிளான்டில் கழற்ற முடியாத முழுவரிசையும் கட்டலாம். செலவும் பராமரிப்பும் அதற்குத் தக்கபடி கூடும்.

இன்னும் பல் எடுக்காதவர்கள் ஒன்று கேளுங்கள்: கீழ்க்கோரைப் பற்கள் இரண்டின் வேரையாவது விட்டுவைக்க முடியுமா? வேருக்கு ரூட் கெனால் செய்து, ஈறு மட்டத்துக்கு வெட்டி, அதன் மேல் செட்டை உட்கார வைக்கலாம். வேர் இருக்கும்வரை அந்த இடத்து எலும்பு தேய்வது வெகுவாகக் குறையும், கடிக்கும் உணர்வும் இருக்கும். பல்லைப் பிடுங்கிய பிறகு இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

ஏற்கெனவே செட் போட்டவர்கள், பிறகு இம்பிளான்டுக்குப் போவதாக இருந்தாலும் அந்தச் செட்டைத் தூக்கிப்போடாதீர்கள். ஸ்கேன் எடுக்கும்போது எந்த இடத்தில் பல் வர வேண்டும் என்று காட்டும் அளவுகோல் அதுதான். பொருத்தம் நன்றாக இருந்தால் அதன் உட்புறத்தைக் குடைந்து அதிலேயே பொத்தானைப் பதித்துவிடலாம், புதுச் செட் செய்யும் செலவு மிச்சம்.